ஆஸ்பென் பொன்னாகும் மூன்று வாரம்: ராக்கி மலையில் குடும்பத்தோடு ஒரு பகல்

கொலராடோவில் குடியிருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்குச் செப்டம்பர் அவசரமான மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருக்கும். கோடையில் ஊரிலிருந்து வந்த அப்பாவும் அம்மாவும் பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள். பனி விழுவதற்குள் அவர்களை ஒரு நாளாவது மலைக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த ஒரு நாளை நல்லபடியாகக் கழிப்பதற்கான வழிமுறைகளே இந்த அத்தியாயம்.

இடம், ராக்கி மலைத் தேசியப் பூங்கா. 1915இல் தொடங்கப்பட்டது. டென்வரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். எஸ்டஸ் பார்க் என்ற சிற்றூர் வழியாக ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். பூங்காவுக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடைபாதைகள் உண்டு. அவற்றில் பியர் லேக் சாலையை ஒட்டிய நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்கு வயதுப் பேத்தியும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே நாளில் நடக்கக்கூடிய பாதைகளும் இவற்றில் உண்டு.

பாதை எதுவானாலும், வீட்டில் யார் மிக மெதுவாக நடப்பாரோ அவருடைய கால்களை வைத்து அந்த நாளைத் திட்டமிடுங்கள். எங்கள் முதல் ஆண்டில் இதை நான் செய்யவில்லை. எமரால்டு ஏரியை எட்டியே தீருவது என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் மகனுக்குத் தலைவலி வந்தது. அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று அவர்கள் இருவரும் ஒரு மஞ்சள் இலையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் பிறகு போன ஒவ்வொரு ஆண்டும் குறைவாக நடந்தோம், நிறையப் பார்த்தோம்.

எப்போது போவது

பூங்காவில் ஆஸ்பென் மரங்கள் நிறம் மாறும் உச்சம் பெரும்பாலும் செப்டம்பர் நடுவிலிருந்து மாத இறுதி வரை. உயரமான சரிவுகள் முதலில் மஞ்சளாகும். பிறகு நிறம் மெல்லக் கீழே இறங்கி வரும். அக்டோபர் முதல் வாரத்தில் மேலே கிளைகள் வெறுமையாகியிருக்கும், எஸ்டஸ் பார்க்கை ஒட்டிய தாழ்வான இடங்களில் மட்டும் பொன் மிச்சமிருக்கும். ஒரு பலத்த காற்றோ முதல் பனிப்பொழிவோ வந்தால் இரண்டே நாளில் ஒரு சரிவு முழுதும் உதிர்ந்துவிடும். அதனால் வாய்ப்பிருந்தால் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளை ஒதுக்கி வையுங்கள். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

செப்டம்பருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் ஏறக்குறைய நாள்தோறும் பிற்பகலில் திரளும் இடிமழை இப்போது குறைந்திருக்கும். அறவே இராது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நான்கு பாதைகளும் மரங்கள் வளரும் எல்லைக்குக் கீழேயே இருப்பதால், மொட்டைச் சரிவில் மின்னலுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறைவு.

வார நாளில் விடுப்பு கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். இலை பார்க்க வரும் கூட்டம் சனி, ஞாயிறுகளில் திருவிழாக் கூட்டமாக இருக்கும்.

முன்பதிவும் வண்டி நிறுத்தமும்

2020இலிருந்து இந்தப் பூங்காவில் நேரம் குறித்த நுழைவு முறை நடப்பில் இருக்கிறது. மே மாத இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை, நுழைவுக் கட்டணத்தோடு தனியாக ஒரு நேர அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். இதில் இரண்டு வகை: பியர் லேக் சாலையைச் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது மற்றொன்று. இந்த அத்தியாயத்தின் பாதைகளுக்கு முதல் வகைதான் வேண்டும். தவறிப்போய் இரண்டாவதை வாங்கிவிட்டு, வாசலில் நின்று திரும்பும் குடும்பங்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். அனுமதியை அமெரிக்க அரசின் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் வாங்க வேண்டும். செப்டம்பருக்கானவை அதற்கு முந்தைய மாதமே திறக்கப்பட்டுவிடும். ஒரு பகுதியை மட்டும் முந்தைய நாள் மாலையில் விற்பதற்காக நிறுத்தி வைப்பார்கள். தேதிகளும் மணிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், புறப்படும் வாரத்தில் பூங்காவின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பியர் லேக் வண்டி நிறுத்தம் விடிவதற்குள்ளேயே நிறைந்துவிடும். அங்கே சுற்றிச் சுற்றி இடம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதே சாலையில் கீழே இருக்கும் பார்க் அண்ட் ரைடில் வண்டியை விட்டுவிட்டு, பூங்காவின் இலவசப் பேருந்தில் ஏறுங்கள். குழந்தைகளுக்கு அந்தப் பேருந்துப் பயணமே ஒரு குதூகலம்.

உயரம் என்ன செய்யும்

ஆனைமுடி தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம், 2,695 மீட்டர். ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். பியர் லேக்கில் வண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இடமோ 2,888 மீட்டர். நடையைத் தொடங்கும் முன்பே ஆனைமுடியின் உச்சியைத் தாண்டி நிற்கிறோம்! ஊரிலிருந்து வந்த பெரியவர்களிடம் இதைச் சொல்லிவிட்டால், இரண்டு படி ஏறியதும் மூச்சு வாங்குவது ஏன் என்று அவர்களுக்கும் விளங்கும்; தமக்குத்தான் வயதாகிவிட்டதோ என்று கவலைப்பட மாட்டார்கள்.

அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடுகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது. உடல் பழகுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். டென்வரே 1,609 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே சில வாரங்கள் தங்கியவர்களுக்குப் பாதிப் பழக்கம் வந்திருக்கும். சென்னையிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே யாரையும் பியர் லேக்குக்கு அழைத்துப் போகாதீர்கள். டென்வரில் இரண்டு மூன்று நாள் இருக்கட்டும். முடிந்தால் முந்தைய இரவை 2,293 மீட்டர் உயரத்திலுள்ள எஸ்டஸ் பார்க்கில் கழியுங்கள்.

உயர நோயின் முதல் அறிகுறிகள் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி. பேசத் தெரியாத குழந்தையால் தலைவலியைச் சொல்ல முடியாது. காரணமில்லாமல் சிணுங்கும், பிடித்த தின்பண்டத்தைத் தள்ளிவிடும், விளையாடாமல் தோளில் சாயும். இவற்றைப் பார்த்தால் பசி, தூக்கம் என்று தள்ளிப்போடாமல் கீழே இறங்கிவிடுங்கள். 500 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலானோர் தெளிந்துவிடுவார்கள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு முட்டினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், அது அவசரநிலை. உடனே இறங்குங்கள், 911ஐ அழையுங்கள். பாதையில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால், எதிரே வருபவர்களிடமும் உதவி கேளுங்கள்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே வர வேண்டும். மாத்திரைகளைக் காரில் விட்டுவிடாமல் கைப்பையில் வைத்திருக்கட்டும். சர்க்கரை நோயாளிகள் உணவு நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. மலையில் நடக்கும்போது சர்க்கரை வழக்கத்தைவிட வேகமாக இறங்கக்கூடும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

இன்னொன்று: பூங்காவின் புகழ்பெற்ற டிரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. காரில் உட்கார்ந்தபடியே போகலாம் என்பதால் ஆசையாக இருக்கும். சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் உடன் இருந்தால், நடை இருக்கும் நாளில் அதையும் சேர்க்காதீர்கள். அதற்கு வேறு ஒரு நாள் வையுங்கள். அக்டோபர் நடுவாக்கில் பெரும்பாலும் அந்தச் சாலையைப் பனி மூடிவிடும்.

நான்கு பாதைகள்

பூங்காவின் பலகைகளில் மைலும் அடியும் இருக்கும். ஒரு மைல் 1.6 கிலோமீட்டர், ஆயிரம் அடி ஏறக்குறைய 300 மீட்டர். கீழே தந்திருக்கும் நேரம், குழந்தைகளோடு நின்று நின்று போவதற்கான நேரம்.

ஸ்ப்ரேக் ஏரி. சுற்று ஒன்றேகால் கிலோமீட்டர் அளவு, ஏற்றம் இல்லை, ஒரு மணி நேரம். ஏரியைச் சுற்றிச் சமதளப் பாதை. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போகும். முழங்கால் வலி உள்ள பாட்டிக்கும் நடை பழகும் பேரனுக்கும் இதுவே இடம். காற்று எழும் முன் காலையில் போனால், காண்டினென்டல் டிவைட் எனப்படும் கண்டப் பிளவுத்தொடர் மலைகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். ஏப்னர் ஸ்ப்ரேக் என்பவர் தம் விடுதிக்கு வருவோர் மீன் பிடிப்பதற்காக நீரைத் தேக்கி உருவாக்கிய ஏரி இது. சேலையில்தான் வருவேன் என்று பாட்டி சொன்னால் மறுக்க வேண்டாம். உள்ளே கம்பளி லெக்கிங்ஸ், காலில் பிடிமானமுள்ள ஷூ, மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் போதும்.

ஆல்பர்ட்டா அருவி. கிளேசியர் கார்ஜ் நிறுத்தத்திலிருந்து போக 1.3 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 50 மீட்டர், போய்வர ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். நான்கிலும் இலையுதிர்காலத்துக்கென்றே அமைந்ததுபோல் இருப்பது இதுதான். பாதை ஆஸ்பென் தோப்புகளுக்குள் புகுந்து போகும். தலைக்கு மேலே மஞ்சள், காலடியில் மஞ்சள், நடுவில் வெள்ளை மரங்கள். ஏப்னர் தம் மனைவி ஆல்பர்ட்டாவின் பெயரை இந்த அருவிக்கு வைத்தார். அருவிக்கரைப் பாறைகள் வழவழப்பானவை. தண்ணீர் தெறித்து நனைந்திருக்கும். அங்கே குழந்தையின் கையை விடவே கூடாது.

நிம்ஃப், டிரீம், எமரால்டு ஏரிகள். பியர் லேக்கில் தொடங்கும் ஒரே பாதையில் மூன்று ஏரிகள். போக முறையே 0.8, 1.8, 2.9 கிலோமீட்டர். எமரால்டு ஏரி 3,080 மீட்டர் உயரத்தில், ஹாலெட் சிகரத்தின் செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் கிடக்கிறது. மொத்த ஏற்றம் சுமார் 200 மீட்டர். இந்தப் பாதையின் அருமையே, எங்கே திரும்பினாலும் ஓர் ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறீர்கள் என்பது. நான்கு வயதுக்காரர்களுக்கு அல்லி இலைகள் மிதக்கும் நிம்ஃப் போதும். ஏழு எட்டு வயதானால் டிரீம் வரை. பத்து வயதும் நல்ல மூச்சும் இருந்தால் எமரால்டு. ஒவ்வோர் ஏரியிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து, எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, அடுத்ததை முடிவு செய்யுங்கள். அக்டோபரில் நிழலான வளைவுகளில் உருகிய பனி மீண்டும் உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். அப்போது ஷூவுக்கு மேல் மாட்டும் முள்பட்டையான மைக்ரோஸ்பைக் இல்லாமல் போகாதீர்கள். எஸ்டஸ் பார்க் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும்.

பியர்ஸ்டாட் ஏரி வழி இறக்கம். பேருந்தில் பியர் லேக்கில் இறங்கி, சிறிது ஏறி, காட்டு வழியே பியர்ஸ்டாட் ஏரிக்குப் போய், மறுபக்கச் சரிவில் பியர்ஸ்டாட் நிறுத்தத்துக்கு இறங்குங்கள். மொத்தம் சுமார் 5 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம். கடைசி இறக்கம் முழுக்க ஆஸ்பென் சரிவில் கொண்டையூசி வளைவுகளாக வரும்; ஒவ்வொரு வளைவிலும் எதிரே பிளவுத்தொடர் விரியும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றது. இறக்கம் முழங்காலைச் சோதிக்கும் என்பதால், பெரியவர்கள் வந்தால் கைத்தடி வேண்டும்.

குடும்பம் இரண்டாகப் பிரிவதில் தவறொன்றும் இல்லை. தாத்தாவும் சின்னவளும் ஸ்ப்ரேக் ஏரியைச் சுற்றட்டும். பெரியவனும் அப்பாவும் டிரீம் ஏரிக்குப் போகட்டும். எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்பதைப் பிரிவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அங்கே போய் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மணிக்கணக்கு

கோடையில் மறந்துவிடலாம், இலையுதிர்காலத்தில் கடிகாரத்தை மறக்க முடியாது. செப்டம்பர் 20 அளவில் சூரியன் மாலை ஏழு மணிவாக்கில் மறையும். அக்டோபர் நடுவில் ஆறே கால், ஆறரைக்கே. அதுவும் சமவெளிக் கணக்கு. மேற்கே நிற்கும் மலைகள் வெயிலை அதற்கு வெகு முன்பே மறைத்துவிடும். நிழல் விழுந்த பத்தே நிமிடத்தில் குளிர் எலும்பில் இறங்கும்.

சின்னப் பிள்ளைகளோடு நடக்கும் வேகம் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூழாங்கல் பொறுக்குவதும், அணிலைப் பார்த்து நிற்பதும், ஷூ நாடா கட்டுவதும் அதிலேயே அடக்கம். புறப்படும்போதே திரும்பும் மணியைச் சொல்லிவிடுங்கள்: ‘எங்கே இருந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்புகிறோம்.’ ஏரி அடுத்த வளைவில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் அந்த மணியை மாற்றாதீர்கள். வீட்டில் மூத்த பிள்ளையின் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டி, திரும்பும் நேரத்தை அறிவிக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்துவிடுவேன். அவன் சொன்னால் தாத்தாவும் கேட்பார்.

உடையும் பையும்

காலை எட்டு மணிக்கு உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர், நண்பகலில் 15 டிகிரியைத் தாண்டி, மாலையில் மறுபடி விழும். ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். உடலை ஒட்டி, வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் பனியன். நடுவில் ஃபிளீஸ் அல்லது கம்பளி. மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். பருத்தி நம் ஊர் வெயிலுக்கு எவ்வளவு நல்லதோ, இங்கே அவ்வளவு கெட்டது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை காய நேரமாகும்; காயும்வரை உடல் சூட்டைத் திருடும். ஜீன்ஸும் அப்படித்தான்.

முதுகுத் தொட்டிலில் வரும் கைக்குழந்தையை மறக்கக் கூடாது. சுமக்கும் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கை கால் விறைக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அதன் விரல்களையும் மூக்கு நுனியையும் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் இறக்கிவிட்டு ஓடி விளையாடச் செய்யுங்கள்.

குளிராக இருந்தாலும் வெயில் சுடும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர்கள் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் எல்லோருக்கும் வேண்டும். கூடவே தலை விளக்கு, முதலுதவிப் பொட்டலம், காகித வரைபடம், ஆளுக்கொரு விசில். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: வழி தவறினால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, மூன்று முறை விசில் ஊத வேண்டும்.

கட்டுச்சோறு

உயரத்தில் பசி மந்தமாகும். ஆனால் உடலுக்குத் தீனி வேண்டும். அதனால் வாய்க்குப் பிடித்ததையே கட்டுங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், பொடி தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள் எல்லாம் கைக்கு அடக்கமாக, கெடாமல் இருக்கும். தயிர்ச் சாதம் குளிரில் பிள்ளைகளுக்கு இறங்காது. கடலை மிட்டாய், பேரீச்சை, வறுத்த முந்திரி சட்டைப் பைகளில் இருக்கட்டும். ஒரு பிளாஸ்க்கில் சூடான ரசம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஏரிக்கரைக் காற்றில் அரை டம்ளர் மிளகு ரசம் குடித்ததை என் அம்மா ஊரில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், பிள்ளைகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள். குளிரில் தாகம் தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை நீங்களாகவே நினைவுபடுத்த வேண்டும். ஓடைத் தண்ணீர் பளிங்காக இருந்தாலும் குடிக்க வேண்டாம். வயிற்றுப்போக்கைத் தரும் ஜியார்டியா கிருமி அதில் இருக்கக்கூடும்.

கழிப்பறை பியர் லேக் தொடக்கத்தில் உண்டு. எமரால்டு வரையான வழியில் கிடையாது. புறப்படும் முன் எல்லோரும் போய்வரட்டும். டயப்பர், ஆரஞ்சுத் தோல், கறிவேப்பிலை எல்லாம் ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். மக்கிவிடும் என்று போடும் தோல், இந்தக் குளிரில் மக்க நெடுங்காலம் பிடிக்கும்.

எல்க் கூப்பிடும் மாதம்

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை எல்க் மான்களின் இணைசேரும் காலம். நம் கடமானைவிடப் பெரிய மான் இது. ஆண் 300 கிலோவைத் தாண்டும். அது எழுப்பும் குரல் அடித்தொண்டையில் தொடங்கி, கீச்சென்று ஒரு சீழ்க்கையாக உயர்ந்து முடியும். மாலையில் மொரெய்ன் பார்க் புல்வெளி ஓரச் சாலையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பதில் கொடுப்பது கேட்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேட்டையில் இந்தப் பள்ளத்தாக்கின் எல்க்குகள் ஏறக்குறைய அழிந்தே போயின. 1913, 1914 ஆண்டுகளில் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று எஸ்டஸ் பார்க்கின் தெருக்களிலேயே அவை உலாவுகின்றன.

உலாவினாலும் அவை சாது அல்ல. எல்க்குக்கும் உங்களுக்கும் நடுவே 23 மீட்டர், அதாவது இரண்டு பேருந்து நீளமாவது இருக்க வேண்டும். மூஸ் என்ற மிகப் பெரிய மானுக்கும் கரடிக்கும் 36 மீட்டர். இணைசேரும் காலத்தில் முக்கியப் புல்வெளிகளுக்குள் மாலை 5 மணி முதல் காலை வரை யாரும் கால் வைக்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. சாலையில் நின்று பார்க்கலாம். இங்குள்ளது கருங்கரடி. குளிர்கால உறக்கத்துக்கு முன் நாள் முழுதும் தின்றுகொண்டே இருக்கும். காரில் உணவை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். ஏரிக்கரையில் காலடிக்கே வந்து கெஞ்சும் அணிலுக்கும் பறவைக்கும் முறுக்குத் துண்டு போட ஆசையாக இருக்கும். போடுவது சட்டப்படி குற்றம். அதைவிட, மனிதர் கையை நம்பிப் பழகிய அணில், சேமிக்க வேண்டிய நாளில் சேமிக்காமல் குளிர்காலத்தில் பட்டினி கிடக்கும். பிள்ளைகளிடம் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். விதியைவிட அது மனதில் நிற்கும்.

நடக்கும்போது சொல்லித்தர

காற்றே இல்லாதபோதும் அரசமரம் சலசலக்கும் அல்லவா? ஆஸ்பெனும் அப்படித்தான். அதன் இலைக்காம்பு தட்டையானது. சிறு மூச்சுக்காற்றுக்கும் இலை துடிக்கும். உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துக் காம்பை விரல்களுக்கு நடுவே உருட்டச் சொல்லுங்கள். உருளாது.

இலை மஞ்சளாவது எப்படி என்று கேட்பார்கள். கோடையில் பச்சையம் நிறைந்திருப்பதால் இலை பச்சை. இரவு நீண்டு குளிர் வந்ததும் மரம் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது, இருந்ததும் சிதைகிறது. முதலிலிருந்தே உள்ளே மறைந்திருந்த மஞ்சள் நிறமி அப்போது வெளியே தெரிகிறது.

எதிர்ச் சரிவைக் காட்டுங்கள். ஒரு திட்டு முழுக்க மஞ்சள், பக்கத்துத் திட்டு இன்னும் பச்சை, நடுவே கத்தியால் வெட்டியதுபோல் எல்லை. வாழை பக்கக்கன்று விடுவதுபோல ஆஸ்பென் தன் வேரிலிருந்தே புது மரங்களை எழுப்பும். வாழையடி வாழையாக ஒரு தோப்பே ஒரே உயிராக இருக்கும். அதனால்தான் ஒரு திட்டின் மரங்கள் எல்லாம் சேர்ந்தே நிறம் மாறுகின்றன. யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்ற ஆஸ்பென் தோப்பு சுமார் 47,000 அடிமரங்களோடு 43 ஹெக்டேர் பரப்பில் ஒரே வேர்த்தொகுதியாக நிற்கிறது. அந்த வெண்பட்டையில் பெயர் செதுக்க யாரையும் விடாதீர்கள்; காயத்தின் வழியே பூஞ்சை புகுந்து மரத்தைக் கொல்லும்.

டிரீம் ஏரிக்கு மேலே பாறைக் குவியல்களில் ‘ஈப்’ என்ற ஒலி கேட்டால் நில்லுங்கள். பைக்கா அது, முயலின் உறவு, உள்ளங்கையில் அடங்கும். குளிர்காலத்தில் உறங்காத பிராணி என்பதால், இப்போதே புல்லை வாயில் கவ்விக் கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் உலர்த்திச் சேர்க்கிறது. வைக்கோல் போர் வைப்பதைப் பார்த்த தாத்தா இதைப் பேரனுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்.

புறப்படும் முன்

முந்தைய இரவு: வானிலை முன்னறிவிப்பு, சாலை நிலை, காட்டுத்தீப் புகை மூன்றையும் பாருங்கள். 2020 அக்டோபரில் பெருந்தீ வந்து எஸ்டஸ் பார்க் ஊரையே காலி செய்ய நேர்ந்தது. இலையுதிர்காலத்திலும் தீ வரும். பலத்த காற்று என்றால் நாளை மாற்றுங்கள். பட்டை வண்டு தின்று காய்ந்துபோன மரங்கள் பூங்காவில் ஏராளம். காற்றில் அவை சாயும்.

காலையில்: நேர அனுமதியைக் கைபேசியில் சேமித்துவிடுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் தளம் திறக்காது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

பாதையின் தொடக்கத்தில்: எல்லோரையும் நிறுத்தி, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம் சரியான வேகம். பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால், நின்றுவிடுங்கள்.

சென்ற செப்டம்பரில் என் அம்மாவை முன்னால் விட்டு ஆல்பர்ட்டா அருவிக்குப் போனோம். 1.3 கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம். வழியில் பதினொரு முறை நின்றார். ஒவ்வொரு முறையும் பேத்தி ஓர் இலையைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தாள். அருவிக்கரையில் அவற்றை மடியில் பரப்பி, இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் காற்றில் விட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.